திராட்சைக் கொத்துக் கிருமி

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுத்து வடிவில்.)

 

போன மாதம் சுந்தர காண்டம் கேட்ட இதே மேடையில் நின்றுகொண்டு சீழ், கட்டி, வாந்தி என்று பேசுவது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. டிபன் முடிந்த பிறகுதான் என்னை மேடை ஏற்றுவது என்று செயலாளர் வாக்குக் கொடுத்ததால் ஒப்புக்கொண்டேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை பார்த்து ரிடையர் ஆனவள். நோயாளிகளின் முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்களுடைய சீழும் ரத்தமும்தான் என் மேஜைக்கு வரும். அதைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, ஒரு ராத்திரி 37 டிகிரி சூட்டில் வைத்து, மறுநாள் காலையில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் உத்தியோகம். அந்தத் தட்டுகளில் நான் திரும்பத் திரும்பச் சந்தித்த ஒருவரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் ஸ்டஃபிலோகாக்கஸ். கொஞ்சம் நீளமான பெயர்தான். லேபில் நாங்கள் செல்லமாக ஸ்டாஃப் என்போம்.

பெயர் வந்த கதை சுவையானது. ஸ்காட்லாந்தில் அபர்தீன் என்ற ஊரில் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் என்று ஒரு சர்ஜன் இருந்தார். புண்ணில் ஏன் சீழ் பிடிக்கிறது என்று அந்தக் காலத்தில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. சீழ் வருவது புண் ஆறுவதற்கு அடையாளம் என்றுகூட நம்பிய டாக்டர்கள் இருந்தார்கள். ஆக்ஸ்டன் தம் நோயாளிகளின் கட்டிகளைக் கீறி, வந்த சீழை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். உருண்டை உருண்டையாக, கொத்துக் கொத்தாகக் கிருமிகள். 1880-இல் பெர்லினில் சர்ஜன்கள் மாநாட்டில் அதைச் சொன்னார். 1882-இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயரைக் கொடுத்தார். கிரேக்க பாஷையில் ஸ்டஃபிலே என்றால் திராட்சைக் கொத்து, காக்கஸ் என்றால் மணி. இரண்டு வருஷம் கழித்து, 1884-இல், ரோஸன்பாக் என்ற ஜெர்மானிய டாக்டர் அதைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். ஒன்று தங்க நிறத்தில் முளைத்தது, இன்னொன்று வெள்ளையாக. தங்க நிறத்துக்கு லத்தீன் பெயர் வைத்து ‘ஆரியஸ்’ என்றார். நான் இன்று அதிகம் பேசப்போவது இந்த ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பற்றித்தான். நல்ல தட்டில் முளைத்தால் பார்க்க உண்மையிலேயே அழகாக இருக்கும், பசும்பொன் பொட்டு வைத்த மாதிரி. ஆனால் அதன் அழகை ரசிக்க லேபுக்குத்தான் வர வேண்டும்.

இந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது? காலரா தண்ணீரிலிருந்து வருகிறது, மலேரியா கொசுவிடமிருந்து வருகிறது. இது எங்கிருந்தும் வர வேண்டிய அவசியமில்லை. நம்மிடமே இருக்கிறது. எந்தக் கூட்டத்தில் எடுத்துப் பார்த்தாலும் சுமார் மூன்றில் ஒருவருக்கு மூக்கின் முன்பகுதியில் ஸ்டாஃப் ஆரியஸ் குடியிருக்கும். இந்த ஹாலில் நூற்றைம்பது பேர் இருக்கிறோம் என்றால் நாற்பது ஐம்பது மூக்கில் இருக்கும். சிலருக்கு நிரந்தர வாசம், சிலருக்கு வந்து போகும். அவர்களுக்கு ஜுரம் இல்லை, ஜலதோஷம் இல்லை, ஒரு உபத்திரவமும் இல்லை. மூக்கைத் தொட்ட விரல் வழியாகக் கைக்கு வரும், கையிலிருந்து தோலுக்கு, துண்டுக்கு, கதவுக் கைப்பிடிக்கு, பாத்திரத்துக்கு. அதன் ஒன்றுவிட்ட சகோதரன் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். அது நம் எல்லோர் தோலிலும் உண்டு, விதிவிலக்கே கிடையாது.

அப்படியானால் தினம் இரண்டு வேளை ஸ்நானம் செய்கிறோமே என்று கேட்பீர்கள். செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் ஸ்நானம் மூக்குக்குள் போவதில்லை. மடி, ஆசாரத்தைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை, நானும் அதில் வளர்ந்தவள்தான். பரம மடியாக இருக்கும் பாட்டியின் மூக்கிலும் இது இருக்கலாம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துணி உலர்ந்த மடியா, ஈர மடியா என்று அதற்குத் தெரியாது.

தோல் கிழியாமல் இருக்கும் வரை இந்தக் குடித்தனம் சுமுகமாக நடக்கும். ஒரு சிராய்ப்பு, ஒரு ஷேவிங் கீறல், சொறிந்து சொறிந்து தேய்ந்த இடம், ஒரு ஊசி போட்ட துவாரம் கிடைத்தால் போதும், உள்ளே இறங்கிவிடும். வெயில் காலத்தில் குழந்தைகளுக்கு வரும் கட்டி பெரும்பாலும் இதன் வேலை. கண்ணிமையில் வரும் கண்கட்டி இதன் வேலை. குழந்தைகள் வாயைச் சுற்றித் தேன் நிறத்தில் பொருக்குத் தட்டும் புண்ணுக்கும் பல சமயம் இதுதான் காரணம். பால் கொடுக்கும் பெண்களுக்கு மார்பில் கட்டிக்கொண்டு சீழ் பிடித்தால் பெரும்பாலும் இதுதான். வளரும் பையன் ஒருவன் ஜுரத்தோடு ஒரு காலை ஊன்றவே மாட்டேன் என்றால், எலும்புக்குள் இது புகுந்திருக்கலாம். ஃப்ளூ ஜுரம் வந்து தேறும் சமயத்தில் நுரையீரலைப் பிடிக்கும். ரத்தத்தில் கலந்தால் இதயத்தின் வால்வில் போய் உட்காரும். ஒரே கிருமி, இத்தனை வேஷம்!

மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் கட்டி வந்தால் கண்ணாடி முன் நின்று நகத்தால் கிள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த இடத்து ரத்தக் குழாய்கள் மண்டைக்குள் போகும் குழாய்களோடு சேர்கின்றன. கிள்ளினால் சீழ் வெளியே வருவதற்குப் பதில் உள்ளே போகலாம். அபூர்வம்தான். ஆனால் வந்தால் கண்ணையும் உயிரையும் பதம் பார்க்கும்.

நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்? கை தூக்க வேண்டாம், நடையைப் பார்த்தாலே தெரிகிறது. செயற்கை மூட்டு, பேஸ்மேக்கர், இதய வால்வு இவற்றின் மேல் ஸ்டாஃப் கிருமிகள், அந்தச் சாதுவான எபிடெர்மிடிஸ் உள்பட, ஒரு வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு அதற்குள் பதுங்கிவிடும். மருந்து அங்கே சரியாக எட்டாது. அதனால்தான் இப்போது பல ஆஸ்பத்திரிகளில் இந்த மாதிரி ஆபரேஷனுக்கு முன்னால் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுச் சோதிக்கிறார்கள். கிருமி இருந்தால் சில நாள் மூக்கில் போடக் களிம்பும், கிருமிநாசினிக் குளியலும் கொடுக்கிறார்கள். “முழங்காலுக்கு வந்தவரிடம் மூக்கை எதற்கு நோண்டுகிறார்கள், பில் ஏற்றவா?” என்று ஒரு மாமா என்னிடம் கோபப்பட்டார். இல்லை மாமா, காரணத்தோடுதான் செய்கிறார்கள்.

என் அத்திம்பேர் விஷயத்தைச் சொல்கிறேன். அக்காவின் அனுமதியோடுதான். அவருக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. அவர்கள் இருப்பது வேறு ஊர். ஒரு நாள் அக்கா ஃபோனில் பேச்சோடு பேச்சாக, “ஒண்ணுமில்லேடி, முதுகுல ஒரு கட்டி. பழுத்து ஒடைஞ்சா தானே சரியாயிடும்ங்கறார்” என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். பத்து நாள். எத்தனை வாய் இருக்கிறது என்று கேட்டேன். மூன்றோ நாலோ என்றாள். ஒரே வீக்கத்தில் பல வாய் வைத்துச் சீழ் வடிந்தால் அதற்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் ராஜபிளவை. சர்க்கரைக்காரர்களின் முதுகும் பிடரியும் அதற்குப் பிடித்த இடம். அந்தப் பத்து நாளில் அவர் என்ன செய்திருந்தார்? மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டிருந்தார். தெருமுனை மருந்துக் கடையில் கேட்டு மூன்று நாளைக்கு ஆண்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டிருந்தார். வலி குறைந்ததும் நிறுத்திவிட்டு, மறுபடி வலித்ததும் பழைய அட்டையில் மிச்சமிருந்த வேறு மாத்திரை இரண்டைப் போட்டுக்கொண்டிருந்தார். அது பேரனுக்குத் தொண்டைக்காக எழுதிக் கொடுத்த மாத்திரை.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சர்ஜன் கீறிச் சுத்தம் செய்தார். சீழிலும் ரத்தத்திலும் ஸ்டாஃப் ஆரியஸ், அதுவும் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற வகை. எக்கோ எடுத்துப் பார்த்தபோது இதய வால்வில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறு வாரம் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். பகவத் கிருபையில் பிழைத்தார். ஆனால் தினம் நாலு கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்தவர் இப்போது இரண்டாம் மாடி ஏற நடுவில் உட்காருகிறார்.

எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால் என்ன என்று சொல்ல நான் 1941-க்குப் போக வேண்டும். இங்கிலாந்தில் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்று ஒரு போலீஸ்காரர். முகத்தில் ஆரம்பித்த ஸ்டாஃப், ஸ்ட்ரெப் இரண்டு கிருமிகளின் தொற்று பரவி, ஒரு கண்ணையே எடுக்க வேண்டியதாகி, மரணப் படுக்கையில் இருந்தார். பென்சிலின் அப்போதுதான் ஆக்ஸ்ஃபோர்டில் சொட்டுச் சொட்டாகத் தயாராகிக்கொண்டிருந்தது. 1928-இல் லண்டனில் ஃப்ளெமிங்கின் தட்டில் பூஞ்சை விழுந்து கிருமிகள் கரைந்தனவே, அந்தத் தட்டில் இருந்ததும் நம் ஸ்டாஃப்தான். பிப்ரவரி 12-ஆம் தேதி போலீஸ்காரருக்கு முதல் ஊசி போட்டார்கள். ஜுரம் இறங்கியது, சாப்பிட ஆரம்பித்தார். ஐந்து நாளில் மருந்து தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரில் வெளியேறிய பென்சிலினைக்கூடப் பிரித்தெடுத்துத் திரும்பச் செலுத்திப் பார்த்தார்கள். போதவில்லை. மார்ச் 15-ஆம் தேதி இறந்துபோனார். இருந்த மருந்து இன்னும் பத்து நாளைக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்னவோ. இன்றைக்கு நாம் மருந்து அலமாரியில் மிச்சம் வைத்து, தேதி தாண்டியபின் குப்பையில் போடுகிற சாமான் இது.

அவர் போய் ஏழு வருஷத்துக்குள், 1948-இல், லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்டாஃப் கிருமிகளில் பாதிக்கு மேல் பென்சிலினுக்கு மசியவில்லை. பென்சிலினை வெட்டிப் போடும் ஒரு என்சைமை அவை தயாரித்தன. விஞ்ஞானிகளும் விடவில்லை. அந்த என்சைம் வெட்ட முடியாதபடி மெதிசிலின் என்று ஒரு மருந்து செய்தார்கள். அது 1960 வாக்கில் உபயோகத்துக்கு வந்தது. 1961-இல், அதாவது அடுத்த தீபாவளிக்குள், அதற்கும் மசியாத ஸ்டாஃப் இங்கிலாந்தில் வந்துவிட்டது. அதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ. இந்த முறை அது வேறு தந்திரம் செய்தது. மருந்து எந்தப் பூட்டில் போய் மாட்டிக்கொள்ளுமோ அந்தப் பூட்டையே மாற்றிவிட்டது. அதனால் பென்சிலின் குடும்பத்தின் பெரும்பாலான மருந்துகள் ஒரே அடியில் பயனற்றுப் போயின. அதற்கு எதிராக நம் கையில் முக்கியமாக இருந்தது வான்கோமைசின், போர்னியோ காட்டு மண்ணிலிருந்து கிடைத்தது. 2002-இல் அமெரிக்காவில் மிச்சிகனில் அதையும் முழுசாகத் தாங்கும் ஸ்டாஃப் ஒன்று அகப்பட்டது. நல்ல வேளை, அது இன்னும் அபூர்வம்தான். வேறு சில புதிய மருந்துகளும் வந்திருக்கின்றன. விலையைக் கேட்டால்தான் இன்னொரு நோய் வரும்.

நம் தேசத்து நிலவரம்? 2008, 2009 வருஷங்களில் பல ஊர்களைச் சேர்ந்த 15 பெரிய மருத்துவ நிலையங்கள் சேர்ந்து, தங்களிடம் வந்த இருபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டாஃப் ஆரியஸ் மாதிரிகளைக் கணக்கெடுத்தன. நூற்றுக்குச் சுமார் 41 எம்.ஆர்.எஸ்.ஏ. அது பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கு. வீட்டில் வரும் ஒவ்வொரு கட்டிக்கும் அது பொருந்தாது. இருந்தாலும், கடைக்காரர் குத்துமதிப்பாக எடுத்துக் கொடுக்கும் மாத்திரை வேலை செய்யுமா என்பது இன்றைக்குக் கிட்டத்தட்டப் பூவா தலையா போட்டுப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம், மருந்து அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று பிரசாரம் செய்தது. கோட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டிசைன் என்று நினைத்திருப்பீர்கள்.

எங்கள் லேப் ஜாதிக்காரர்களின் ஆதங்கம் ஒன்று உண்டு. சீழ் இருந்தால் அதில் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் முதல் மாத்திரையைப் போடுங்கள். மாத்திரை போட்டபின் எடுத்த மாதிரியில் கிருமி அரை உயிரோடு இருக்கும், தட்டில் சரியாக முளைக்காது. எந்த மருந்துக்கு மசியும் என்று எங்களாலும் சொல்ல முடியாது. இன்னொன்று, சீழ் கட்டி நிற்கும் இடத்துக்குள் மாத்திரை சரியாகப் போகாது. சர்ஜன் கீறி வடிய விடுவதுதான் அங்கே பாதி வைத்தியம். சின்னக் கட்டி பலருக்கு வடிந்தாலே ஆறிவிடும், மாத்திரையே வேண்டியிருக்காது. சர்க்கரை இருப்பவர்கள், கட்டியோடு ஜுரம் நடுக்கம் வந்தவர்கள், கைக்குழந்தைகள், செயற்கை மூட்டு வைத்தவர்கள் மட்டும் ‘பழுக்கட்டும்’ என்று காத்திருக்கக் கூடாது. எத்தனை நாள் மருந்து என்பதை டாக்டர் சொல்லட்டும். முன்பெல்லாம் நீளமாகக் கொடுத்தார்கள், இப்போது சில தொற்றுகளுக்குக் குறைந்த நாட்களே போதும் என்கிறார்கள்.

இதுவரை சொன்னது கிருமி உடம்புக்குள் புகுந்து செய்யும் காரியம். உள்ளே புகாமலேயே செய்யும் காரியம் ஒன்று இருக்கிறது. நம் சங்கத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது அதுதான்.

ஸ்டாஃப் ஆரியஸ் உணவில் விழுந்து, சில மணி நேரம் வெதுவெதுப்பில் இருந்தால், பெருகி ஒரு விஷத்தைக் கக்கும். விஷம் உள்ளே போன அரை மணியிலிருந்து எட்டு மணிக்குள், பெரும்பாலும் இரண்டு மூன்று மணியிலேயே, குமட்டல், வாந்தி, வயிற்றைப் பிசையும் வலி. அநேகமாக ஒரு நாளில் அடங்கிவிடும். ஆண்டிபயாடிக்கால் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் உபத்திரவம் செய்வது கிருமி இல்லை, அது ஏற்கெனவே செய்து வைத்த விஷம். உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து நீர்ச்சத்தைக் காப்பாற்றினால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். ஆபத்து கைக்குழந்தைகளுக்கும் எண்பது வயதுக்காரர்களுக்கும்தான்.

நாம் ஏமாறுகிற இடத்தைச் சொல்கிறேன். கொதிக்க வைத்தால் கிருமி சில நிமிஷத்தில் செத்துவிடும். விஷம் சாகாது. 100 டிகிரியில் அரை மணி கொதித்தாலும் தாங்கும். வாசனை மாறாது, ருசி மாறாது, நுரைக்காது. “எதற்கும் இன்னொரு கொதி விட்டு இறக்கிடலாம்” என்ற நம் பாட்டி காலத்து மந்திரம் வேறு பல கிருமிகளுக்குப் பலிக்கும், இதற்குப் பலிக்காது.

1914-இல் ஃபிலிப்பைன்ஸில் பார்பர் என்ற ஆராய்ச்சியாளர் இதைத் தம் வயிற்றிலேயே சோதித்தார். ஒரு பண்ணையில் பசுவின் மடியில் ஸ்டாஃப் இருந்தது. பசு பார்க்க ஆரோக்கியமாக இருந்தது. கறந்த உடனே குடித்தால் ஒன்றும் ஆகவில்லை. அதே பால் சில மணி நேரம் வெளியில் இருந்தபின் குடித்தால் வாந்தி. பால் அதேதான், பசு அதேதான், நடுவில் நேரம் ஒன்றுதான் மாறியது.

1975 பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஒரு ஜம்போ விமானத்தில் 344 பயணிகள். காலைச் சிற்றுண்டியாக ஆம்லெட், நமக்கு ஆகாத சாமானெல்லாம் போட்டது. கோபன்ஹேகன் நெருங்கும்போது வரிசையாக வாந்தி. 190-க்கும் மேற்பட்டோர் படுத்துவிட்டார்கள், 140-க்கும் மேற்பட்டோரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விசாரித்ததில், அலாஸ்காவில் அதைத் தயாரித்த சமையல்காரர் ஒருவரின் விரலில் சீழ்ப்புண். அந்தக் கிருமிதான் உணவிலும் இருந்தது. தயாரித்தபின் சமையற்கூடத்தில் பல மணி நேரம் வெளியில் இருந்திருக்கிறது, அப்புறம் போதுமான குளிர் இல்லாத குளிரறையில், அப்புறம் விமானத்தில். பரிமாறுவதற்கு முன் அடுப்பில் நன்றாகச் சுடவும் வைத்தார்கள்! பைலட்டுகள் அலாஸ்காவில்தான் ஏறியிருந்தார்கள். அவர்கள் உடம்புக் கணக்குப்படி அது காலைப் பலகார நேரம் இல்லை, அதனால் வேறு சாப்பிட்டார்கள். இல்லாவிட்டால் விமானத்தை யார் இறக்கியிருப்பார்கள்?

அது ஆகாயத்தில். நம் கதை ரயிலில். சில வருஷத்துக்கு முன் எங்கள் உறவில் ஒரு கல்யாணம், சித்திரை மாதம். ஊரும் சத்திரமும் சமையல் காண்டிராக்டரும் பெயர் வேண்டாம். கட்டுச்சாதக் கூடை வைத்துப் பிள்ளை வீட்டாரை ரயிலேற்றினார்கள். நானும் அந்தக் கோச்சில்தான். சாயங்காலம் ஆறரைக்குப் பொட்டலம் பிரித்தோம். ஒன்பது மணிக்குள் பதினேழு பேருக்கு வாந்தி. எழுபத்தெட்டு வயது மாமா ஒருவரை அடுத்த ஸ்டேஷனில் இறக்கி ஆம்புலன்ஸில் அனுப்பினோம். அவருடைய நாடியைப் பிடித்துக்கொண்டு பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன், நேற்றைக்குத்தான் தாலி கட்டியவன்.

யார் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தேன், தொழில் புத்தி. புளியோதரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றுமில்லை. தயிர் சாதம் சாப்பிட்டவர்கள்தான் படுத்திருந்தார்கள். மிச்சப் பொட்டலம் ஒன்றை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப்போய் லேபில் தட்டில் போட்டேன். மறுநாள் காலை தட்டு முழுக்கத் தங்கப் பொட்டு. நடந்தது இதுதான்: ரயிலில் புளித்துவிடக் கூடாது என்று பாலை நிறைய விட்டு, தயிரைத் துளி காட்டி, காலை பத்து மணிக்குக் கையால் குழையப் பிசைந்து, சுடச்சுடப் பொட்டலம் கட்டிவிட்டார்கள். புளிப்பு இருந்தால் ஸ்டாஃபுக்கு வளர்வது கஷ்டம். புளியும் எண்ணெயும் சேர்ந்த புளியோதரையைக் கட்டுச்சாதத்துக்கு ராஜா ஆக்கிய நம் முன்னோர்கள் மைக்ராஸ்கோப் பார்க்கவில்லை, ஆனால் அனுபவம் பார்த்திருக்கிறார்கள். இனிப்பான பால் சாதத்துக்கோ அந்தக் காவல் இல்லை. எட்டரை மணி நேரம் சித்திரை வெயிலில் மூட்டையாக இருந்தது. பால்கோவா, திரட்டுப்பாலுக்கும் இதே எச்சரிக்கைதான். சர்க்கரையும் உப்பும் மற்றக் கிருமிகளை அடக்குகிற அளவுக்கு இதை அடக்குவதில்லை.

அன்று காலை சமையல்கட்டில் கட்டைவிரலில் துணி சுற்றிய ஒரு பையனைப் பார்த்த ஞாபகம் நிறையப் பேருக்கு வந்தது. உடனே எல்லோரும் அவனைத் திட்டினார்கள். அவன்தான் பிசைந்தானா என்று யாருக்கும் தெரியாது. பிசைந்தவர் மூக்கைத் துடைத்துக்கொண்ட ஒரு பெரிய பரிசாரகராகவும் இருக்கலாம். அவனாகவே இருந்தாலும், அந்தப் பையனின் நிலைமையை யோசியுங்கள். தினக்கூலி. கையில் புண் என்று சொன்னால் “அப்ப நாளைக்கு வா” என்பார்கள், அன்றைய கூலி போயிற்று. துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்யாமல் வேறு என்ன செய்வான்?

நம் சங்கம் வருஷா வருஷம் சமஷ்டி உபநயனம் நடத்துகிறது. எட்டு வயதுப் பையன்களும் எண்பது வயதுத் தாத்தாக்களும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். ஆகவே செயலாளருக்கு என் விண்ணப்பம். சமையல் ஒப்பந்தத்தில் மெனுவுக்குக் கீழே சில வரி சேர்க்க வேண்டும். கையில் புண், கட்டி, கொப்புளம் உள்ளவர் சாதத்தைத் தொட வேண்டாம், காய்கறி மூட்டை இறக்கட்டும், கணக்கு எழுதட்டும், ஆனால் அவருக்கு அன்றைய கூலி முழுசாக உண்டு, அதைச் சங்கம் கொடுக்கும். இந்தக் கடைசிப் பகுதி இல்லாவிட்டால் முதல் பகுதிக்கு அர்த்தமில்லை, யாரும் கையைக் காட்ட மாட்டார்கள். சமையல்கட்டு வாசலில் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வேண்டும், வாளியில் முக்கிய கை எல்லாம் கணக்கில் வராது. தயிர் சாதத்தைக் கரண்டியால் மசிக்கட்டும், நல்ல புளிப்புத் தயிராகவே விடட்டும். இறக்கிய பதார்த்தம் கை வைக்க முடியாத சூட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் மணிக்கணக்காக நிற்கக் கூடாது. மத்தியானம் மிஞ்சிய பாயசத்தை ராத்திரிப் பந்திக்கு “ஒரு கொதி விட்டு” கொண்டுவருவதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

உபநயனத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்று செயலாளர் சொன்னார். அந்த வரிகளைத் தமிழிலும் ஹிந்தியிலும் எழுதி டைப் அடித்தே கொண்டுவந்திருக்கிறேன். அவரிடம் கொடுத்துவிட்டு இறங்குகிறேன். மற்றக் கிளைகளுக்கும் பிரதி வேண்டுமென்றால் அனுப்புகிறேன். காபி வந்துவிட்டது போலிருக்கிறது, கேள்விகளை அங்கே வைத்துக்கொள்ளலாம்.